மரிக்கார் பேசிய தமிழ்

முகங்காட்டி நடிப்பவனுக்குப் புகைப்படமாவது எஞ்சும். குரலை மட்டும் முதலாக வைத்துத் தொழில் செய்பவனுக்கு அதுவும் எஞ்சுவதில்லை. ஒலிபரப்பு முடிந்த கணத்திலேயே அவனுடைய ஆக்கம் காற்றோடு போய்விடுகிறது. கேட்டவர்களின் நினைவில் மட்டுமே அது தங்குகிறது. அந்த நினைவும் நடிகனின் பெயரை நழுவவிட்டுப் பாத்திரத்தின் பெயரையே பற்றிக்கொள்ளும். இலங்கைத் தமிழரிடையே எஸ். ராம்தாஸ் என்றால் சற்று யோசிப்பவர்கள், 'மரிக்கார்' என்றதும் முகம் மலர்வதற்குக் காரணம் இதுதான். 2016 ஜூலையில் அவர் மறைந்தபோதும் 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அவரை நாடு நினைவுகூர்ந்தது.

1970களில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடரே அவருக்கு அந்தப் பெயரை ஈட்டித் தந்தது. தொடரை எழுதியவரும் அவரே. அதில் நான்கு பேர் கூடிக் கூடிப் பேசுவார்கள், சண்டையிடுவார்கள், ஒருவரையொருவர் ஏமாற்ற முனைந்து எல்லோருமே ஏமாறுவார்கள். முஸ்லிம் மக்களின் தமிழில் பேசும் மரிக்காராக ராம்தாஸ். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்கள நாவில் தமிழைப் புரட்டும் உபாலியாக எஸ். செல்வசேகரன், பிராமணத் தமிழ் பேசும் ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். இப்பட்டியலை வாசகர் இன்னொரு முறை படித்துப் பார்க்கவேண்டும். முஸ்லிமாகப் பேசியவர் முஸ்லிம் அல்லர். சிங்களவராகப் பேசியவர் தமிழர். ஐயராகப் பேசியவரோ ஒரு முஸ்லிம். நாட்டின் அரசியல் ஒவ்வொரு சமூகத்தையும் தத்தம் வேலிக்குள் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகளில், வானொலிக் கலைக்கூடத்திலே சிலர் வாரந்தோறும் ஒருவர் நாவை மற்றவர் இரவல் வாங்கிக்கொண்டு பேசினர். கேட்ட மக்களும் விழுந்து விழுந்து சிரித்தனர். சிரிப்புத்தானே என்று இதனை ஒதுக்கிவிட முடியாது.

கொழும்பு - கண்டி வீதியில் அமைந்த வரக்காப்பொல போன்ற ஒரு சிறு நகரத்தில் இருந்து பார்க்கும்போதுதான் இத்தொடரின் உட்பொருள் நன்கு விளங்கும். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கடைவீதியில் முஸ்லிம் வணிகர்கள். வீதியை விட்டு உள்ளே போனால் இறப்பர்த் தோட்டங்கள், அவற்றின் லயங்கள். கந்தோர் உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் அக்காலத்தில் இத்தகைய ஊர்களில் இருப்பார். காலையில் பால்வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நகரத்துக்கு வந்த தொழிலாளிக்கு மரிக்காரும் உபாலியும் அப்புக்குட்டியும் கற்பனை மாந்தர் அல்லர். கடையிலும் பஸ்ஸிலும் பாடசாலையிலும் கேட்ட குரல்களே மாலையில் லயத்து வானொலியிலிருந்து திரும்ப வந்தன. 'ஈக்கிது' என்று மரிக்கார் சொல்லும்போது, சற்றுமுன் கடன் தர மறுத்த கடைக்காரரின் நினைவு வந்திருக்கும். இப்படி நாற்புறமும் கேட்ட குரல்கள் எல்லாம் வந்துவிட்டன. கேட்டுக்கொண்டிருந்தவனுடைய குரல் மட்டும் அந்த நான்கினுள் இல்லை.

இதற்குப் பின்னர் வருவோம். முதலில் அக்குரல்கள் வானொலிக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதைக் காணவேண்டும்.

கொழும்பிலே முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் சிப்பாய்களுக்காக நிறுவிய ஆற்றல்மிக்க ஒலிபரப்பு நிலையம் போருக்குப் பின் இலங்கையிடம் வந்து சேர்ந்தது. ஏகாதிபத்தியம் தன் தேவைக்குக் கட்டியது, பின்னர் நமக்குப் பாட்டுக் கேட்கப் பயன்பட்டது. 1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமாயிற்று. 1950 செப்டெம்பர் இறுதியில் வர்த்தக சேவை பிறந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்து வீடுகளிலும் ஒலித்தது அந்தச் சேவையின் வழியாகத்தான். 1967 ஜனவரியில் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது.

தமிழ் வானொலி நாடகத்தை வளர்த்தவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் 'சானா' என்ற சண்முகநாதன். ஓவியராகவும் இருந்தமையாலோ என்னவோ, மனிதரின் கோணல்களை வரைந்து காட்டும் கண் அவருக்கு இருந்தது; நாடகத்தில் அந்தக் கண்ணே காதாயிற்று. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', பின்னர் புகழ்பெற்ற 'லண்டன் கந்தையா' முதலியவை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே ஒலிவாங்கியின் முன் கொண்டு வந்தன. இவற்றுக்கும் முன்னோடியாகப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' இருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரே ஊர்ப்பேச்சில் நாடகம் எழுதத் துணிந்தது அக்காலத்தில் சிறிய காரியமன்று. இன்னும் பின்னே போனால் கூத்துக் களரியையே காண்போம். அரசனும் அரசியும் இலக்கியத் தமிழில் பாடி ஆடுகையில், கட்டியக்காரனும் கோமாளியும் மட்டுமே சனங்களின் தமிழில் பேசுவார்கள். ஊர் நிலவரத்தை இடித்துரைக்கும் உரிமையும் அவர்களுக்கே இருந்தது.

இந்த மரபில் ஒரு கேடும் கூடவே வளர்ந்தது. பேச்சுத் தமிழ் சிரிப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமே அது. துயரப்படும் கதாநாயகன் செந்தமிழில் துயரப்படவேண்டும். அவன் வீட்டு வேலைக்காரன் மட்டும் ஊர்த்தமிழில் உளறலாம். 1960களின் தொடக்கத்தில் நம் முற்போக்கு எழுத்தாளர்கள் பாத்திரங்களின் உண்மையான பேச்சைக் கதைகளில் எழுதியபோது பண்டிதர் சிலர் அதனை 'இழிசினர் வழக்கு' என்று கொதித்தெழுந்தனர். மரபு பற்றிய அந்தப் பெரும் வழக்கை இங்கே மீண்டும் விரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கேட்கலாம்: அந்த 'இழிசினர் வழக்கு' வானொலியிலே வாரந்தோறும் ஒலித்ததே, அப்போது யாருக்கும் தமிழின் கற்பு நினைவுக்கு வரவில்லையா? வரவில்லை. காரணம், அங்கே அது சிரிக்க வைத்தது. பேச்சு மொழிக்குச் சிந்திக்கவும் சினக்கவும் உரிமை கேட்டபோதுதான் ஆபத்து வந்தது.

ராம்தாஸின் பணியை மதிப்பிடுவதற்கு இந்தப் பின்னணி இன்றியமையாதது. பிறர் பேச்சை எடுத்துப் பேசிச் சிரிக்க வைத்தல் எங்கும் உள்ள கலைதான். ஆயினும் எங்கும் ஒரே தன்மையது அன்று. அமெரிக்காவில் 1928இல் தொடங்கிய 'அமோஸ் அன் ஆண்டி' என்னும் வானொலித் தொடரில் இரண்டு வெள்ளையர்கள் கறுப்பின மக்களின் பேச்சை எடுத்துப் பேசிக் கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தனர். கறுப்பு மனிதன் அப்பாவி, சோம்பேறி, சொல்லைச் சிதைப்பவன் என்ற கருத்து அந்தச் சிரிப்பின் அடியிலேயே இருந்தது. கறுப்பின நடிகர்களையே வைத்து அது 1951இல் தொலைக்காட்சிக்குச் சென்றபோதும் கறுப்பின மக்களின் உரிமை இயக்கம் அதனை எதிர்த்தது. பிரித்தானியாவின் 'கூன் ஷோ'வில் பீற்றர் செல்லர்ஸ் எடுத்த இந்தியக் குரல்களும் இத்தகையவையே. பேரரசு கலைந்த பின்னும் ஆண்டவனின் காதிலே ஆளப்பட்டவனின் ஆங்கிலம் வேடிக்கையாகவே ஒலித்தது. யாழ்ப்பாணத் தமிழுக்கும் அந்த அனுபவம் உண்டு: 2000இல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசிய தமிழைக் கேட்டுத் தமிழகம் சிரித்த வேளையில், அந்தத் தமிழைப் பேசியவர்கள் போரின் நடுவே அகதிகளாய் அலைந்துகொண்டிருந்தனர்.

மரிக்காரை இந்த வரிசையில் வைக்கலாமா? முழுதும் வைக்க முடியாது என்பதே என் எண்ணம். 'கோமாளிகள்' உலகில் நேராகப் பேசுகிற, நடுநின்று மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற 'சுத்தமான' தமிழன் ஒருவனும் இல்லை. நால்வரும் கோணல், நால்வர் தமிழும் ஏதோ ஓர் ஊரின் தமிழ், ஏதோ ஒரு சமூகத்தின் தமிழ். அளவுகோல் என்று ஒன்று நடுவில் இல்லாதபோது யாருடைய தமிழ் பிறழ்வு என்று சொல்வது? அப்புக்குட்டியின் 'ஓம்' மரிக்காருக்கு வேடிக்கை. மரிக்காரின் 'ஈக்கிது' அப்புக்குட்டிக்கு வேடிக்கை. எழுத்தாளர் ராம்தாஸ் செய்த சிறந்த காரியம் இந்தச் சமநிலை. நடிகர் ராம்தாஸ் செய்தது அதைவிட நுட்பமானது. பிறர் மொழியை எள்ளுபவன் அதன் இரண்டு மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஒப்பேற்றிவிடுவான். முழுநீளத் தொடரை வாரக்கணக்கில் ஓட்டுபவனுக்கு அது போதாது. அந்த மொழியில் வினா எங்கே ஏறுகிறது, கோபம் எங்கே இறங்குகிறது, நட்பு எப்படி இழைகிறது என்பதெல்லாம் நாவுக்குப் பழகவேண்டும். நீண்ட காலம் காதுகொடுத்துக் கேட்டவனுக்கே அது கைகூடும்.

ஆயினும் முழுமையாக விடுவிக்கவும் இயலாது. முஸ்லிம் என்றால் வியாபாரி, பிராமணர் என்றால் சாப்பாட்டு ராமர் என்ற வகையில் பல தலைமுறைகளாகத் தமிழ் மேடை அடித்து வைத்திருக்கும் அச்சுகள் உண்டு. நால்வரை நான்கு சமூகங்களின் பிரதிநிதிகளாக நிறுத்தும் எந்த நகைச்சுவையும் அந்த அச்சுகளுக்கு மிக அருகிலேயே நடக்கவேண்டியிருக்கிறது. சிங்கள வானொலியில் 'விநோத சமய' நிகழ்ச்சியின் சாமுவேல் ரொட்றிகோ, அனஸ்லி டயஸ், பெற்றி குணதிலக்க ஆகிய மூவரும் இதே ஆபத்தோடுதான் விளையாடினர்.

1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இந்திய இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியது. தமிழகத்துச் சஞ்சிகையும் படமும் முன்போல் தாராளமாக வராத அந்த இடைவெளியில் இலங்கைத் தமிழனின் சொந்தக் கலைக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. மக்கள் வங்கியின் அனுசரணையோடு ஒலித்த சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' அக்காலத்து வானொலியின் இன்னொரு பெருவெற்றி. அது சிரிக்க வைக்கவில்லை, அழ வைத்தது. யாழ்ப்பாணத் தமிழிலேயே அழ வைத்தது. பண்டிதர்களுக்கு அதைவிட நல்ல மறுமொழி இல்லை. 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் படமாயிற்று. தயாரித்தவர் எம். முகம்மது, இயக்கியவர் எஸ். ராமநாதன். காதால் அறிந்தவர்களைக் கண்ணால் காண மக்கள் திரண்டனர். இலங்கைத் தமிழ்ப் படங்களுள் வசூல் கண்ட சிலவற்றுள் அது ஒன்று. கலை நோக்கில் அதனைச் சிறந்த படம் என்பதற்கில்லை. வானொலியில் கேட்பவன் தானே வரைந்துகொண்ட மரிக்காரைத் திரை ஒரே உருவத்துக்குள் அடைத்துவிட்டது. 1978இல் ராம்தாஸ் எழுதிய 'ஏமாளிகள்' வந்தது. திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதிக் கதவுகள் அகன்ற பின் அந்த மூச்சும் அடங்கிப் போயிற்று.

இனி, இல்லாத குரலுக்கு வருவோம்.

'கோமாளிகள்' புகழோடு இருந்த அதே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளரின் நிலை என்ன? 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மீதியையும் பாதிபாதியாக வகுத்தனர். 1973, 1974 ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம். 1975இல் தோட்டங்கள் அரசுடைமை. கப்பலேறுவதா இருப்பதா என்று தெரியாமல் லயத்தில் காத்திருந்தவனும் இந்த நால்வரைக் கேட்டுச் சிரித்தான். சிரித்தவனை நாட்டின் குரல்களுள் ஒன்றாக யாரும் எண்ணவில்லை.

எதிரி திட்டமிட்டுச் செய்த சதியன்று இது. அதனால்தான் இது கூடுதலாக வருத்துகிறது. நல்லெண்ணத்தோடு நாட்டின் தமிழ்களையெல்லாம் ஒரே மேசையில் கூட்ட முனைந்தவர்களுக்கும் இந்தத் தமிழ் முதலில் நினைவுக்கு வரவில்லை. மற்ற நான்கு தமிழ்களுக்கும் இலங்கையில் ஒரு முகவரி இருந்தது; தோட்டத் தமிழ் மட்டும் 'இந்தியாவின் தமிழ்', நாளை போய்விடப்போவது என்று கருதப்பட்டது. சட்டம் செய்த பிரிவினையைச் செவியும் செய்துவிட்டது. எழுத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் பாட்டையும் பேச்சையும் சேகரித்து எழுதினார். என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' முதலிய கதைகளில் மலையகப் பேச்சுக்குக் கண்ணியமான இடம் தந்தார். வானொலிக்கும் நாடகங்கள் எழுதியவர் அவர். திரையிலும் 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தோட்ட மக்களை வைத்துப் 'புதிய காற்று' படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு 'கோமாளிகள்' படத்தை இயக்கிய எஸ். ராமநாதனே அதையும் இயக்கினார். ஆகவே ஆள் இல்லை, கதை இல்லை என்று சொல்வதற்கில்லை. நாடெங்கும் சிரித்துக் கேட்ட நிகழ்ச்சியின் மேசையில் நாற்காலிதான் இல்லை.

உச்சரிப்பு என்பது வெறும் விளையாட்டன்று என்பதை வன்செயல்கள் காட்டின. தமிழ்ச்சொல் 'ப'கர மெல்லொலியில் தொடங்குவதில்லை. ஆகவே கும்பல்கள் வழிமறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்தி' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நா தடுமாறியவனைத் தமிழன் என்று அடையாளங் கண்டன. 1958 முதல் 1983 வரை நடந்த கலவரங்களைப் பற்றிய நினைவுகளில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. உபாலியின் தமிழைக் கேட்டு நாம் சிரித்தோம். நம் சிங்களத்தைக் கேட்டவன் கத்தியை உருவினான். கேகாலை மாவட்டத்துத் தோட்டத் தமிழரோ சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கு இரண்டு நாக்குகளும் உண்டு. கலைக்கூடத்தில் செல்வசேகரன் கைதட்டல் பெற்றுச் செய்த வேலையை, அவர்கள் சந்தையிலும் பஸ்ஸிலும் பொலிஸ் நிலையத்திலும் பேரின்றிச் செய்துகொண்டிருந்தனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களே நேரடியாகத் தாக்கப்பட்டன. ஓடிப்போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களுக்கு அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது: அவர்கள் பேசிய தமிழைக் கேட்டு 'தோட்டக்காட்டான்' என்றனர், தமிழரே.

1983 ஜூலையில் ஹெந்தளையின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது தமிழருக்குச் சொந்தமான அந்த நிலையத்தோடு ஏராளமான சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் சாம்பலாயின. யாருடைய கலையை எரிக்கிறோம் என்பது தீ வைத்தவனுக்குத் தெரிந்திருக்காது. கலைஞர்களும் சிதறினர். 'தணியாத தாகம்' தொடரில் சோமுவாகக் குரல் கொடுத்தவரும், யாழ்ப்பாணத்துப் பஸ் நடத்துநரின் ஒருநாளை 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பாகத் தந்தவருமான கே. எஸ். பாலச்சந்திரன் கனடாவுக்குச் சென்று, 2014இல் ரொறன்ரோவில் மறைந்தார். 'அண்ணை றைற்' இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அதில் சிரிப்புக்கு நடுநாயகமாக நிற்பவன் ஒரு தொழிலாளி. பயணிகள் எல்லோருடைய குரலையும் அவனே எடுத்துப் பேசுகிறான். மேலிருந்து கீழே பார்த்துச் சிரிக்காமல், மிதிபலகையில் நின்றுகொண்டு பஸ் முழுவதையும் பார்த்துச் சிரிக்கிறான்.

குரல் கலைஞனின் கூலி பற்றியும் சிறிது சொல்லியாகவேண்டும். அமெரிக்கக் கேலிச் சித்திரப் படங்களில் நூற்றுக்கணக்கான பாத்திரங்களுக்குப் பேசிய மெல் பிளாங்க் (1908 - 1989), ஊதிய உயர்வு கேட்டபோது முதலாளி பணத்துக்குப் பதில் படத்தின் தலைப்பில் பெயரைப் போட்டாராம். அந்த ஒரு பெயர் அவரை உலகறியச் செய்தது. அதே படங்களில் எல்மர் என்ற வேட்டைக்காரனுக்கு ஆண்டுக்கணக்காகப் பேசிய ஆர்தர் பிரயன் 1959இல் இறக்கும்வரை பெயர் போடப்படாமலே இருந்தார். நம் வானொலி இவ்வகையில் சற்று நேர்மையானது. நாடகம் முடிந்ததும் பங்குபற்றியோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் வழக்கம் அதற்கு உண்டு.

வரக்காப்பொலத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் இன்றும் வீட்டில் ஒரு தமிழும் வகுப்பில் ஒரு தமிழும் வெளியே சிங்களமும் பேசுகிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் பழக்கும்போது ராசாவுக்கும் மந்திரிக்கும் பாடநூல் தமிழைக் கொடுத்து, லயத்துத் தமிழைக் கோமாளிக்கு ஒதுக்கிவிடுகிறோம். அரங்கில் மிகுந்த கைதட்டல் பெறுபவன் அந்தக் கோமாளிதான். ஒத்திகையே வேண்டாமல் பேசுபவனும் அவன்தான்.